தொட்டபெட்டா: மலைமடிப்பில் ஒரு சோலை

நீங்கள் நிற்கும் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. வந்தவுடன் கண் தொலைவுக்குத்தான் ஓடும். சற்று நேரம் கீழே, மலைமடிப்புகளையும் பாருங்கள்.

அங்கே கரும்பச்சையாகத் திரண்டிருப்பது சோலைக்காடு. மரங்கள் குட்டையானவை, கிளையெல்லாம் பாசி. துளிர்க்கும் காலத்தில் உச்சிகள் சிவக்கும். சோலை பெரும்பாலும் மேட்டுக்கு ஏறுவதில்லை. குளிர்கால இரவுகளில் திறந்த புல்வெளியில் விழும் உறைபனி அதன் இளங்கன்றுகளைக் கருக்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். பனியையும் தீயையும் தாங்கிப் புல்வெளியில் தனித்து நிற்கும் மரம் ஒன்று உண்டு: செந்நிறமாகப் பூக்கும் காட்டுப் பூவரசு.

சோலையும் புல்லும் மழைநீரைப் பிடித்து மெல்லக் கசியவிடுகின்றன. நீலகிரியின் ஓடைகள் பலவும் பவானி, மோயாறு வழியே காவிரிக்குப் போகின்றன; சமவெளி வயல்களுக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு அது. 19ஆம் நூற்றாண்டு முதல் நடப்பட்ட கற்பூர மரமும் சீகை மரமும் பரந்த புல்வெளிகளை விழுங்கிவிட்டன. ஈடுசெய்யக் கடினமான இழப்பு.

நடக்கும்போது புதர்களில் காது வையுங்கள். சிரிப்பதுபோல் கூவுவது நீலகிரிச் சிரிப்பான். இப்பறவை வாழ்வது நீலகிரிப் பகுதி மலைகளில் மட்டுமே. பாதையை விட்டு இறங்க வேண்டாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம்.