கைக்கு அடக்கமான கேமரா: திறனைத் தீர்மானிப்பவை எவை?

சட்டைப் பையில் அடங்கும் உடல், கழற்ற முடியாத லென்ஸ், பின்புறம் ஒரு திரை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் காம்பாக்ட் டிஜிட்டல் கேமரா. லென்ஸை மாற்றிக்கொள்ளும் எஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு அந்தக் கழற்ற முடியாத லென்ஸ். அதன் பலமும் பலவீனமும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975-இல் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவின் எடை சுமார் 3.6 கிலோ. 0.01 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கேசட் நாடாவில் பதிவதற்கு அது 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1995-இல் கேசியோ வெளியிட்ட க்யூவி-10, எடுத்த படத்தை அடுத்த நொடியே பின்புறத் திரையில் பார்க்கும் வசதியைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தது. 2000-இல் கேனன், தன் ஐக்ஸஸ் வரிசையின் முதல் டிஜிட்டல் மாடலை 2 மெகாபிக்சலுடன் விற்பனைக்கு விட்டது. அதன் பிறகு 3, 5, 8, 12, 16, 20 என்று மெகாபிக்சல் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறியது. எண் ஏறிய வேகத்தில் படத்தின் தரம் ஏறவில்லை. சென்சாரின் பரப்பு ஏறக்குறைய அப்படியே இருந்ததுதான் காரணம்.

சென்சாரின் பரப்பு

லென்ஸ் வழியாக வரும் ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லு சென்சார். மலிவு விலைக் காம்பாக்ட் கேமராக்களில் மிகப் பரவலாக இருந்தது 1/2.3 அங்குல வகை. அதன் உண்மையான அளவு சுமார் 6.2 x 4.6 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 1 அங்குல வகை என்று சொல்லப்படும் சென்சார் 13.2 x 8.8 மி.மீ. பரப்பில் இது முன்னதைப் போல நான்கு மடங்கு. ஏபிஎஸ்-சி வகை சுமார் 23.5 x 15.6 மி.மீ.; அது 1 அங்குல சென்சாரைப் போல மூன்று மடங்கு. இந்த அங்குலக் கணக்குகள் பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்திலிருந்து வந்தவை. அவற்றைச் சென்சாரின் நேரடி அளவாகக் கொள்ளக் கூடாது.

பரப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒளி, ஃபோட்டான் என்னும் துகள்களாக வந்து விழுகிறது. அவை சீராக விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழும் இடத்தில், எண்ணிக்கை இயல்பாகவே 10 கூடியோ குறைந்தோ இருக்கும். அது 10 சதவீத ஏற்ற இறக்கம். 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 சதவீதம். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சுவரும் வானமும் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்குப் பெரும்பங்கு காரணம் இந்த ஏற்ற இறக்கமே. இதையே நாய்ஸ் என்கிறார்கள். நாய்ஸைக் குறைக்க நேரான வழி ஒளியை அதிகமாகச் சேர்ப்பது. பெரிய பரப்பு அதைச் செய்கிறது.

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவது ஒளியைக் கூட்டுவது ஆகாது. சென்சாருக்குக் கிடைத்த குறைந்த ஒளியின் பதிவைப் பெருக்கிக் காட்டுவது மட்டுமே அது. பெருக்கும்போது நாய்ஸும் சேர்ந்து பெருகும். லென்ஸின் திறப்பு ஒன்றாக இருந்தால், 1/2.3 அங்குல சென்சார் ஐஎஸ்ஓ 400-இல் தரும் அளவு நாய்ஸை 1 அங்குல சென்சார் ஐஎஸ்ஓ 1600-இல்தான் தரும். ஏபிஎஸ்-சி சென்சாரில் அதே நிலை வருவது சுமார் ஐஎஸ்ஓ 5000-இல்.

2012-இல் சோனி ஆர்எக்ஸ்100 வெளிவந்தபோது எழுந்த வரவேற்புக்கு இதுவே அடிப்படை. 240 கிராம் எடையுள்ள, பைக்குள் போகும் உடலில் 20.2 மெகாபிக்சல் கொண்ட 1 அங்குல சென்சாரை அது வைத்திருந்தது. கேனன் ஜி7 எக்ஸ் முதலான போட்டி மாடல்கள் அதே அளவு சென்சாருடன் பின்னால் வந்தன. ரிக்கோ ஜிஆர் 3 இன்னும் ஒரு படி மேலே போய், 257 கிராம் உடலில் ஏபிஎஸ்-சி சென்சாரையே அடக்கியது.

எத்தனை மெகாபிக்சல் போதும்?

ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் அச்சிட சுமார் 8.7 மெகாபிக்சல் போதும். 4கே தொலைக்காட்சித் திரையில் மொத்தமே 8.3 மெகாபிக்சல்தான். வெட்டி எடுக்க இடம் வேண்டும் என்பவர்களுக்கு 20 மெகாபிக்சல் தாராளம். அதற்கு மேல் உள்ள எண்கள் பெரிய சென்சாரிலும் கூர்மையான லென்ஸிலும் மட்டுமே பயன் தரும். ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையின் ஆறாம் மாடல் (2024) 40.2 மெகாபிக்சல் கொண்டிருப்பது பொருந்துகிறது. அதன் சென்சார் ஏபிஎஸ்-சி.

லென்ஸின் திறப்பு

சென்சாருக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது லென்ஸின் எஃப் எண். குவியத் தூரத்தைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது அது. எண் சிறியதானால் திறப்பு பெரியது. ஜூம் உள்ள காம்பாக்ட் கேமராவின் லென்ஸ் வளையத்தில் இரண்டு எஃப் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் அகலக் கோணத்துக்கு, இரண்டாவது ஜூமை முழுவதும் நீட்டிய நிலைக்கு. விளம்பரம் முதல் எண்ணையே பேசும். வாங்குபவர் இரண்டாவதையும் படிக்க வேண்டும்.

முதல் ஆர்எக்ஸ்100-இன் லென்ஸ் எஃப்/1.8-4.9. மாலை நேரத்து அறை ஒன்றில் அகலக் கோணத்தில் 1/60 விநாடி ஷட்டர் வேகத்தில் சரியான வெளிச்சத்துடன் படம் வருகிறது என்று கொள்வோம். அதே இடத்தில் ஜூமை முழுவதும் நீட்டினால் திறப்பின் வழியே வரும் ஒளி ஏழில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். அதே வெளிச்சத்துக்கு 1/8 விநாடி தேவை. அந்த நேரத்துக்குள் குழந்தை தலையைத் திருப்பிவிடும். 2014-இல் வந்த மூன்றாம் மாடலில் சோனி ஜூம் தூரத்தைக் குறைத்துக்கொண்டு லென்ஸை எஃப்/1.8-2.8 ஆக்கியது இந்தக் குறையை நீக்கத்தான்.

திறப்பு சிறியதாவதில் வேறொரு சிக்கலும் உண்டு. சிறு துளை வழியே செல்லும் ஒளி விளிம்பு விளைவால் பரவி, ஒரு புள்ளியைச் சிறு வட்டமாக்கும். பச்சை ஒளிக்கு இந்த வட்டத்தின் விட்டம் எஃப்/2.8-இல் சுமார் 3.8 மைக்ரான். எஃப்/6.9-இல் அது 9 மைக்ரானைத் தாண்டும். 2018-இல் வந்த கேனன் எஸ்எக்ஸ்740-இல் 40 மடங்கு ஜூம் உண்டு. ஜூம் முழுவதும் நீண்டபோது திறப்பு எஃப்/6.9. அதன் 1/2.3 அங்குல, 20 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 1.2 மைக்ரான். ஒரு புள்ளியின் ஒளி ஏழெட்டுப் பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. 20 மெகாபிக்சல் கோப்பு உருவாகும். 20 மெகாபிக்சலுக்குரிய நுட்பம் அதில் இருக்காது.

ஜூம்

ஆப்டிகல் ஜூமில் லென்ஸின் கண்ணாடிகள் நகர்ந்து காட்சியை நெருக்கிக் காட்டும். பிக்சல்கள் அனைத்தும் பயன்படும். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. 4 மடங்கு டிஜிட்டல் ஜூமில் பதினாறில் ஒரு பங்கு பிக்சல்களே மிஞ்சும். அதை கேமராவில் செய்வதைவிட வீட்டுக்கு வந்து கணினியில் வெட்டிக்கொள்வது மேல்.

வெவ்வேறு சென்சார்களை ஒப்பிட, லென்ஸின் கோணத்தை 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றிச் சொல்வது வழக்கம். ஆர்எக்ஸ்100-இன் லென்ஸ் உண்மையில் 10.4-37.1 மி.மீ.; ஃபிலிம் கணக்கில் அது 28-100 மி.மீ. இந்தக் கணக்கில் 24 அல்லது 28 மி.மீ. கட்டடங்களுக்கும் குழுப் படங்களுக்கும் ஏற்றது. 70 முதல் 100 வரை முகங்களுக்கு. 200-க்கு மேல் மேடை நிகழ்ச்சி, பறவைகள். ரிக்கோ ஜிஆர் 3-இல் ஜூமே இல்லை. 28 மி.மீ. கோணம் ஒன்றுதான். ஜூமுக்கான இடத்தை விட்டுக்கொடுத்ததால்தான் பெரிய சென்சாரும் கூர்மையான லென்ஸும் பைக்குள் அடங்குகின்றன. பெரிய சென்சார், நீண்ட ஜூம், சிறிய உடல் ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே ஒரு கேமரா தர முடியும். மூன்றையும் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை.

கை நடுக்கமும் ஃபோகஸும்

ஃபிலிம் கணக்கில் குவியத் தூரம் எவ்வளவோ அதன் தலைகீழ்தான் கையில் பிடித்து எடுப்பதற்கான குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்பது பழைய விதி. 100 மி.மீ.க்கு 1/100 விநாடி, 960 மி.மீ.க்கு சுமார் 1/1000 விநாடி. நடுக்கத் தடுப்பு வசதி, லென்ஸின் ஒரு பகுதியையோ சென்சாரையோ கையின் அசைவுக்கு எதிராக நகர்த்தி இந்த வரம்பைத் தளர்த்துகிறது. நான்கு ஸ்டாப் நடுக்கத் தடுப்பு (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு நேரம்) இருந்தால் 1/1000 தேவைப்படும் இடத்தில் 1/60 போதும். எதிரில் ஓடுபவரின் அசைவை இது நிறுத்தாது. ஓட்டத்தை உறைய வைக்க வேகமான ஷட்டர் ஒன்றே வழி.

தொடக்க கால காம்பாக்ட் கேமராக்களின் பெரிய குறை, பட்டனை அழுத்தியதற்கும் படம் பதிவதற்கும் இடையிலான தாமதம். அவை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் விளிம்புகள் கூர்மையாகத் தெரிகின்றன என்று தேடி ஃபோகஸ் செய்தன. சென்சாரிலேயே அமைந்த ஃபேஸ் டிடெக்ஷன் முறை, லென்ஸ் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை நேரடியாகக் கணக்கிடுகிறது. 2016-இல் வந்த ஆர்எக்ஸ்100 ஐந்தாம் மாடலில் இப்படி 315 புள்ளிகள் இருந்தன; விநாடிக்கு 24 படங்கள் எடுக்க முடிந்தது. அந்த வசதி இல்லாத பழைய கேமராவில் பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸை முன்கூட்டியே பூட்டி வைத்துக்கொண்டால் தாமதம் பெருமளவு குறையும்.

கோப்பு, உடல், பேட்டரி

ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. வெயிலில் வெளுத்த சட்டையையும் நிழலில் இருண்ட முகத்தையும் பிறகு சரிசெய்ய ரா கோப்பு இடம் தரும். மலிவு மாடல்கள் பலவற்றில் ரா வசதி கிடையாது.

காம்பாக்ட் கேமராக்கள் பலவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் சத்தம் மிகக் குறைவு. நடுப்பகல் வெயிலில் வேகமான ஷட்டருடனும் ஃபிளாஷைப் பயன்படுத்தி முகத்தின் நிழலைப் போக்கலாம். உள்ளமைந்த ஃபிளாஷின் வீச்சு சில மீட்டர்கள்தான். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கி அதை அடிப்பதில் பயனில்லை.

சிறிய உடலுக்குச் சிறிய பேட்டரி. தர அளவீட்டின்படி முதல் ஆர்எக்ஸ்100 ஒரு சார்ஜில் சுமார் 330 படங்களும், ரிக்கோ ஜிஆர் 3 சுமார் 200 படங்களும் தரும். பயணத்துக்கு இன்னொரு பேட்டரி கட்டாயம். வெப்பமும் ஒரு வரம்பு. ஆர்எக்ஸ்100-இன் நான்காம் மாடல் 4கே வீடியோவைத் தொடர்ச்சியாக 5 நிமிடமே பதிந்தது. வீடியோவுக்கென்றே 2020-இல் வந்த சோனி இசட்வி-1, பக்கவாட்டில் திரும்பும் திரையையும் தரமான மைக்கையும் சேர்த்தது. தண்ணீருக்குள் எடுக்க ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற உறுதிவகைக் கேமராக்கள் உண்டு. அது 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும்.

செல்ஃபோன் வந்த பிறகு

ஜப்பானின் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிப்பாவின் கணக்கில், லென்ஸ் பொருத்திய டிஜிட்டல் கேமராக்கள் 2010-இல் 10 கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-இல் அந்த எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழ். அவற்றின் இடத்தைப் பிடித்தது செல்ஃபோன். பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்கி நாய்ஸைக் குறைக்கும் முறையால் ஃபோன்கள் தங்கள் சிறு சென்சாரின் குறையை ஈடுகட்டின. 2018-இல் கூகுள் பிக்சல் ஃபோன்களில் வந்த நைட் சைட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2022-இல் ஷாவ்மி 12எஸ் அல்ட்ரா 1 அங்குல சென்சாரையே ஃபோனுக்குள் கொண்டுவந்தது.

ஆயினும் சில வேலைகளில் கேமராவே முன்னே நிற்கிறது. நீண்ட ஆப்டிகல் ஜூம், உண்மையான ஃபிளாஷ், ஏபிஎஸ்-சி சென்சாரின் இயல்பான பின்னணி மங்கல், கையில் உறுதியாகப் பிடிக்கும் உடல், தொட்டுத் திருகும் வளையங்கள் ஆகியவை அதன் பங்கு. அண்மை ஆண்டுகளில் சிசிடி என்னும் பழைய வகை சென்சார் கொண்ட 2000-களின் கேமராக்களை இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்தப் படங்களின் தோற்றத்துக்கு அக்கால நிறக் கணக்கீடும் நேரடி ஃபிளாஷும் முக்கியக் காரணங்கள். சென்சாரின் வகைக்கு மட்டும் அந்தப் பெருமை சேராது. பழைய கேமரா வாங்குவோர் பேட்டரி இன்னும் கிடைக்கிறதா, மெமரி கார்டு வகை கடைகளில் உள்ளதா, லென்ஸ் தடையின்றி நீண்டு மடங்குகிறதா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

புதிதாக வாங்குவோருக்கு வழி எளிது. முதலில் சென்சாரின் அளவு, அடுத்து இரண்டு எஃப் எண்கள், மூன்றாவதாக ஆப்டிகல் ஜூம், அதன் பின் ஃபோகஸ் முறையும் பேட்டரியும், கடைசியாக மெகாபிக்சல் என்ற வரிசையில் விவரத் தாளைப் படிக்கலாம். நல்ல செல்ஃபோன் கையில் உள்ளவர், 1 அங்குலத்துக்குக் குறைந்த சென்சார் கொண்ட கேமராவை நீண்ட ஜூமுக்காகவோ தண்ணீருக்குள் எடுப்பதற்காகவோ மட்டும் வாங்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் 1 அங்குலம் அல்லது அதற்கு மேல் என்பதே பணத்துக்கு மதிப்புத் தரும் அளவு.