தீ தெரியும் முன்பே சூடு தெரியும்

ரயில் வந்து நின்றதும் சக்கரத்தருகே குனிந்து, பேரிங் பெட்டியின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பது ரயில்வே ஊழியர்களின் பழைய வழக்கம். அளவுக்கு மீறிய சூட்டைக் கவனிக்காமல் விட்டால் அச்சு முறியும், ரயில் தடம் புரளும். மும்பை மாட்டுங்காவில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனை தொடங்கிய 1915-இல் கைதான் கருவி. இப்போது அந்த வேலைக்குத் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி வந்துவிட்டது. தொடாமலே சூட்டைச் சொல்லிவிடும்.

எந்தப் பொருளும் தன் சூட்டுக்கேற்பக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்கள் இவை. இவற்றைப் படமாக்குவதுதான் தெர்மல் கேமரா.

மாஹுல் உலைகள்

மும்பையின் செம்பூரை ஒட்டிய மாஹுலில் 1950-களில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. அங்கே தீ என்றால் என்னவென்று 2018 ஆகஸ்ட் 8 காட்டியது. பாரத் பெட்ரோலியம் ஆலை விபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

பொதுவாக இத்தகைய ஆலைகளில் உலைக்குழாயின் உட்புறம் கரி படிந்தால், அந்த இடத்தில் மட்டும் குழாயின் சுவர் தகிக்கும். நாளடைவில் வெடிக்கவும் கூடும். உலைக்குள் சுடர் எரியும்போது குழாயை எப்படிப் பார்ப்பது? சுமார் 3.9 மைக்ரான் அலைநீளக் கதிர்களை எரிவாயுச் சுடர் அதிகம் மறைப்பதில்லை. அந்த அலைநீளத்துக்கான வடிகட்டி பொருத்திய கேமரா, உலையை அணைக்காமலே பழுதான இடத்தைக் காட்டிவிடும்.

தாராவிப் பட்டறைகள்

தாராவியின் சிக்கல் வேறு. பிளாஸ்டிக் அரைப்பு, அலுமினியம் உருக்குதல், தோல் வேலை, தையல் என்று நெருக்கியடித்த அறைகளில் மெஷின்கள் ஓடுகின்றன. சுவிட்ச் போர்டில் ஒரு திருகு தளர்ந்தால் அங்கே மின்தடை கூடும், முனை சூடேறும், வயரின் உறை உருகும். மிச்சத்தைப் பக்கத்தில் குவிந்திருக்கும் சரக்கு பார்த்துக்கொள்ளும். தெர்மல் கேமராவில் அந்த ஒரு முனை மட்டும் பளிச்சென்று தெரியும். ஆனால் மெஷின்கள் ஓடும்போதே பார்க்க வேண்டும். மின்சாரம் பாயாத வயரில் சூடு இருக்காது.

கேமராவும் வெப்பமானியும் ஏமாற்றவும் செய்யும். பளபளக்கும் செம்பும் அலுமினியமும் குறைவாகவே கதிர் வீசுவதால், உண்மையான சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். வெப்பமானியின் சிவப்புப் புள்ளி குறிபார்க்க மட்டுமே. 12:1 விகிதக் கருவி என்றால், 12 அடி தூரத்தில் ஓரடி வட்டத்தின் சராசரியைத்தான் சொல்லும். 2020 கொரோனாக் காலத்தில் தாராவியில் வீடு வீடாக வந்து நெற்றியில் காட்டிய கருவியும் சுவிட்ச் போர்டைப் பார்க்க உதவாது. அது உடல் வெப்ப எல்லைக்குள் மட்டுமே அளக்கும்.

பட்டறைக்கான வெப்பமானி ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேமரா விலை கூடுதல். ஒரு பட்டறைக்காரரால் தனியாக வாங்க முடியாது. சந்தில் உள்ளவர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம், மாதம் ஒருமுறை எல்லா போர்டுகளையும் பார்க்கலாம். சூடு தெரிந்த இடத்தை அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யுங்கள். திருகை முடுக்குவது கேமராவின் வேலையல்ல.