கால் எரிச்சலுக்குக் கடையில் வாங்கும் மாத்திரை
(ஏரிக்கரை உடல்நலம் – 17)

கால் எரிச்சலும் மதமதப்பும் பசியாவரம் போன்ற ஊரில் பிழைப்பையே நிறுத்திவிடக்கூடிய நோய்கள். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குக் கண்ணாக இருப்பது விரல் நுனியும் உள்ளங்காலும்தான். கால் மரத்துப்போனவருக்குச் சிப்பி கிழித்தது தெரியாது. கரையேறிப் பார்க்கும்போதுதான் ரத்தம் தெரியும். மறுநாளும் அதே உப்புத் தண்ணீரில் அந்தக் காலையே வைக்க வேண்டும். சர்க்கரை நோயும் இருந்துவிட்டால், அந்தக் கீறல் விரலை எடுக்கும் அளவுக்குப் போகலாம். அதனால்தான் எரிச்சல் தொடங்கியதும் மருந்துக்கடைக்குப் போய், ‘நரம்புக்கு ஒரு சத்து மாத்திரை குடுங்க’ என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் எந்தச் சத்து குறைந்ததால் நரம்பு கெட்டதோ, அந்தச் சத்துதான் அதைச் சரிசெய்யும். வேறு காரணத்தால் கெட்ட நரம்புக்கு எத்தனை அட்டை விழுங்கினாலும் பலன் இல்லை. சில மாத்திரைகள் இருக்கிற நரம்பையும் கெடுக்கும்.

குறைந்த சத்துதான் மருந்து என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி. அங்கே ஐசோனியாசிட் என்ற மருந்தை அதிக அளவில் எடுத்துக்கொண்ட ஏழை நோயாளிகள் பலருக்குக் கை கால் எரிச்சல் வந்தது. அந்த மருந்து உடம்பிலுள்ள பி6 வைட்டமினைப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. ஏற்கெனவே சரியான சாப்பாடு இல்லாதவர்களுக்கு அந்த இழப்பைத் தாங்க முடியவில்லை. மருந்தோடு நாளுக்கு வெறும் 6 மில்லிகிராம் பி6 சேர்த்தபோது எரிச்சல் வராமல் தடுக்க முடிந்தது என்று 1963-ல் அந்த மையம் அறிவித்தது. காசநோய் சிகிச்சையோடு இன்றும் பி6 தரப்படுவது இதனால்தான். கியூபாவிலும் இதே நியாயம்தான். 1990-களின் தொடக்கத்தில், பொருளாதார நெருக்கடியில் உணவு சுருங்கியபோது, அங்கே 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பார்வை நரம்பும் கை கால் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. 1993-ல் நாட்டு மக்கள் அனைவருக்கும் வைட்டமின் மாத்திரை வழங்கப்பட்டது, நோய் அடங்கியது. இரண்டு இடங்களிலும் உண்மையிலேயே சத்துக் குறை இருந்தது. சென்னையில் அதை நிரப்பப் போதுமானதாக இருந்த அளவு எவ்வளவு சிறியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியென்றால் ஏரிக்கரையில் எந்தச் சத்து குறைகிறது? நரம்புக்கு மிகவும் வேண்டிய பி12 மீன், நண்டு, இறால், மட்டி எல்லாவற்றிலும் உண்டு. ஒரு நாளைக்கு நமக்குத் தேவைப்படுவது இரண்டு மைக்ரோகிராமை ஒட்டிய அளவுதான். ஒருவேளை மத்திக் குழம்பே அதைவிட அதிகம் தந்துவிடும். தினமும் மீன் சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டால் மட்டும் பி12 குறைவது அரிது. ஆனால் சாப்பிட்டது உடம்பில் சேராமல் போகலாம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் அப்படிச் செய்யும். நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்கு மேல் அதை எடுத்தவர்களின் ரத்தத்தில் பி12 அளவு, வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட 19 சதவீதம் குறைந்திருந்தது. நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் அமில மாத்திரை போடுகிறவர்களுக்கும், குடலோ இரைப்பையோ அறுவை செய்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அது பெரும் உதவி. வீடு தேடி வரும் மாத்திரையை ஐந்து வருடம், பத்து வருடம் விழுங்குகிறவருக்குக் கால் மரத்தால், பி12 ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். குறை உறுதியானால், அங்கே பி12 உண்மையான மருந்து. தாமதித்தால் நரம்பு முழுதாக மீளாமலும் போகலாம்.

மற்றபடி இங்கே கால் எரிச்சலுக்கு முதல் சந்தேகம் சர்க்கரை நோய்தான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. சென்னையில் நடந்த இன்னோர் ஆய்வு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் நால்வரில் ஒருவருக்கு நரம்புப் பாதிப்பைக் கண்டது. அதற்கு மருந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. தொடர்ந்து குடிப்பவர்களுக்குப் பி1 குறையும். அவர்களுக்கு அந்த வைட்டமின் அவசியம், ஆனால் குடி தொடர்ந்தால் நரம்பு தேறாது. தோலில் உணர்வற்ற தேமல் இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அரசு தரும் இலவசக் கூட்டு மருந்தில் குணமாகும். சத்து மாத்திரையை நம்பி அதைத் தள்ளிப்போட்டால் விரல்கள் மடங்கிவிடும்.

பி6 பக்கம் மீண்டும் வருவோம். பெரியவருக்கு ஒரு நாள் தேவை இரண்டு மூன்று மில்லிகிராம். கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் 3 இருக்கும், 10 இருக்கும், 40-உம் 100-உம் கூட இருக்கும். 1983-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஷாம்பர்க்கும் அவரது குழுவினரும் ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். நாளுக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்த அவர்களுக்குக் கால் மரத்து, நடை தள்ளாடியது. இரண்டே ஆண்டுகளில், நாளுக்கு 200 மில்லிகிராம் அளவிலேயே பாதிப்பு கண்ட அறிக்கையும் வந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. அமெரிக்காவின் வரம்பு 100. வரம்புகள் இப்படி வேறுபடுவதற்கு, எந்த அளவில் யாருக்குக் கெடும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதும் ஒரு காரணம். இதில் கொடுமை என்னவென்றால், பி6 மிகுந்தால் வருவதும் அதே எரிச்சல், அதே மதமதப்பு. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து ஒன்றுக்கு இரண்டாகப் போடத் தோன்றும். நிறுத்திய பிறகும் சில வாரங்கள் தொந்தரவு கூடிவிட்டுத்தான் குறையத் தொடங்கும்.

‘பி வைட்டமின் தண்ணீரில் கரைவது, மிச்சம் சிறுநீரில் போய்விடும்’ என்பார்கள். மாத்திரை போட்டதும் சிறுநீர் மஞ்சளாவது பி2-ஆல். பி6 உடம்பில் தங்கவில்லை என்பதற்கு அது சான்றாகாது. ‘போட்டேன், வலி குறைந்தது’ என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. சிலருக்கு உண்மையிலேயே பி12 குறைவு இருந்திருக்கும். வேறு சிலர் விழுங்கிய மாத்திரையில் பி12-உடன் பிரகாபலின் என்ற வலி மருந்தும் கலந்திருக்கும். அது சத்து இல்லை. தூக்கமும் தலைசுற்றலும் தரும். இரவில் படகில் நின்று வலை விடுகிறவர் அதைத் தெரியாமல் போட்டால் உயிருக்கே ஆபத்து. திடீரென்று நிறுத்துவதும் நல்லதல்ல. 2008-ல் காக்ரேன் ஆய்வுக் குழு, 741 பேர் பங்கேற்ற 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நரம்புப் பாதிப்புக்குப் பி வைட்டமின்கள் பொதுவாகப் பலன் தருமா என்று முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஏரியால் சூழப்பட்ட ஊர் பசியாவரம். நெடுங்காலம் படகேறித்தான் பழவேற்காட்டுக்கு வர வேண்டியிருந்தது. அங்கிருந்து பொன்னேரி மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் வருமானம் போய்விடும். ஐந்து ரூபாய் மாத்திரை போதாதா என்று கேட்பவரிடம் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு: சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் ஊழியர்கள் கால் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யட்டும். உணர்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழையும் சில நிமிடங்களும் போதும்.

அதுவரை, கடையில் வாங்குகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். நான்கு மாத்திரையை வெட்டித் தந்தால் பெயரும் அளவும் வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடும். முழு அட்டையாக வாங்குங்கள். ‘இதில் பி6 எத்தனை மில்லிகிராம், பிரகாபலின் இருக்கிறதா’ என்று கேளுங்கள். மருத்துவர் சொல்லாமல் 10 மில்லிகிராமுக்கு மேல் பி6 உள்ள மாத்திரையைத் தினமும் போடாதீர்கள். காசநோய் மருந்தோடு தந்த பி6-ஐ மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு வகை சத்து மாத்திரையை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். ஒரு மாதத்தில் குறையாத எரிச்சலுக்கு அடுத்த அட்டை வாங்கும் பணத்தைப் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது வீட்டிலிருக்கும் அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

(தொடரும்)