ரேம் போட்டதும் திரை இருண்டது

"மாமா, ஃபேன் ஓடுது, லைட் எரியுது. டிஸ்ப்ளேதான் வரல."

தேவாரத்தில் ஏலக்காய் வாங்கி விற்கும் என் மச்சானின் கடையிலிருந்து அவர் மகன் பேசினான். கடைக் கணினி ஆமையாக நகர்கிறது என்று, யாரிடமும் சொல்லாமல் ஒரு 4 ஜிபி ரேம் வாங்கிவந்து தானே மாட்டியிருக்கிறான். மாட்டியதிலிருந்து திரை கறுப்பு. மறுநாள் போடியில் ஏலம். வாய்விட்டு விலை கேட்ட காலம் போய், ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன் உட்கார்ந்து விலை கேட்கும் காலம் இது. ஆனால் மச்சானின் கவலை ஏலம் அல்ல. எந்தத் தோட்டக்காரருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு முழுக்க அந்தப் பழைய பெட்டிக்குள் இருந்தது.

"கணக்கெல்லாம் போச்சா?" என்றார், நான் போய் இறங்கியதும்.

போகாது. கணக்கு இருப்பது ஹார்ட் டிஸ்கில். ரேம் வெறும் கரும்பலகை. கரண்டு நின்றதும் துடைத்துவிட்டது போலாகிவிடும். அதில் எதுவும் தங்குவதில்லை, அதனால் தொலைவதற்கும் எதுவுமில்லை. இதைச் சொன்ன பிறகுதான் அவர் டீ சொன்னார்.

ரேம் சரியில்லை என்றால் அதைத் திரையில் எழுதிக் காட்ட வேண்டியதுதானே, ஏன் இப்படி இருட்டாக நிற்கிறது? எழுதிக் காட்டவே ரேம் வேண்டும் என்பதுதான் சிக்கல். பட்டனை அழுத்தியதும் பிராசஸர் முதலில் தேடிப்போவது மதர்போர்டிலுள்ள பயாஸ் சிப்பை. அந்த நேரத்தில் ரேம் இருப்பதே அதற்குத் தெரியாது. தனக்குள்ளே இருக்கிற சின்னஞ்சிறு கேஷ் நினைவகத்தை வைத்து ஒப்பேற்றிக்கொண்டு ரேமைத் தேடுகிறது. ஒவ்வொரு ரேம் பலகையிலும் ஓரமாக ஒரு குட்டி சிப் ஒட்டியிருக்கும். 'என் கொள்ளளவு இவ்வளவு, என் வேகம் இவ்வளவு' என்று ரேமின் ஜாதகம் அதில் எழுதப்பட்டிருக்கும். பயாஸ் அதைப் படித்து, ரேமை எழுப்பி, எழுதிப் பார்த்து, வாசித்துப் பார்த்து, சரி என்றான பிறகுதான் திரைப் பக்கம் திரும்பும். அதற்கு முன்பே தடுக்கினால் பீப் அடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸ் தயாரித்தவரைப் பொறுத்தது. இப்போது வரும் பல கேபினெட்டுகளில் பீப் அடிக்கும் குட்டி ஸ்பீக்கரே இல்லை. மச்சான் கடைக் கணினியிலும் இல்லை.

ஏன் இத்தனை பரிசோதனை? ரேமுக்குள் நடப்பதைப் பார்த்தால், அது ஒழுங்காக வேலை செய்வதுதான் ஆச்சரியம். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டுக்கு 1968இல் காப்புரிமை கிடைத்த வடிவம்தான் இன்றைக்கும் அடிப்படை: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அதில் ஒரு பிட். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். 4 ஜிபி ரேமில் இப்படி 3,436 கோடி மின்தேக்கிகள். அத்தனையும் ஓட்டைக் குடங்கள். ஊற்றிய மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு குடத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்து, நிறைந்திருந்ததை மறுபடி நிரப்ப வேண்டும். நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் போனில் இது பலமுறை நடந்து முடிந்திருக்கும்.

வேகம் இன்னொரு தலைவலி. டிடிஆர்4-3200 ரக ரேமில் ஒரு கம்பியில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 312.5 பிக்கோ விநாடி. அதற்குள் ஒளியே ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம்தான் போகும். அதனால் எந்தக் கம்பியில் எவ்வளவு தாமதம் என்று பயாஸ் ஒவ்வொன்றாக அளந்து சரிசெய்கிறது. டிடிஆர்5 கணினிகளில் புது ரேம் போட்ட முதல் தடவை இந்த அளவெடுப்புக்கே சில நிமிடங்கள் பிடிக்கலாம். அது புரியாமல் பத்து விநாடிக்கு ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கேபினெட்டைத் திறக்கத் தொட்டதும் சுர்ரென்றது. எர்த் இல்லாத பிளக். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இருக்கும் சிறு மின்தேக்கிகள் வழியாகக் கசியும் மின்சாரம், எர்த் கம்பி இல்லாவிட்டால் பெட்டியின் இரும்பிலேயே தங்கும். நம் ஊர்ப்பக்கம் இது சகஜம் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ரேமைத் தொடும் வேலைக்கு இது ஆகாது. கணினியை ஆஃப் செய்தாலும் பிளக் சொருகியிருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் விழித்திருக்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, இரும்புப் பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் ரேமைத் தொட வேண்டும். நம் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நமக்கே உறைக்கும். சிப் சாவதற்கு அவ்வளவு வேண்டியதில்லை.

டார்ச் அடித்துப் பார்த்ததும் முதல் குற்றவாளி கண்ணில் பட்டான். ஸ்லாட்டின் ஒரு பக்கத்து கிளிப் பூட்டியிருந்தது. இன்னொரு பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இந்தக் கணினிக்கான டிடிஆர்3 பலகையின் அடியில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், இரண்டு பக்கமுமாக 240 தங்கமுலாம் பூசிய தொடுமுனைகள். ஒரு ஓரம் சற்றே தூக்கினாலும் சில முனைகள் காற்றில் தொங்கும். போர்டு உடைந்துவிடுமோ என்று பையன் பயந்து மெதுவாக அழுத்தியிருக்கிறான். முதல் தடவை எல்லாரும் அப்படித்தான். இரண்டு கட்டை விரலாலும் இரண்டு முனையையும் நேராக அழுத்தினால் டக், டக் என்று இரண்டு சத்தம் வரும். ஒரு சத்தம் மட்டும் வந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இரண்டு சத்தமும் வந்தது. திரை வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் பதற்றத்தில் எல்லாவற்றையும் பிடுங்குவார்கள். நான் கடைசியாகச் சேர்ந்ததை மட்டும் கழற்றினேன். பழைய ரேமை மட்டும் வைத்து ஆன் செய்ததும் விண்டோஸ் எதுவுமே நடக்காதது போல் வந்து நின்றது. மச்சான் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டார். இந்த ஒரு சோதனையில் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், மானிட்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் நிரபராதி என்று தீர்ப்பாகிவிட்டது. அடுத்து அதே ஸ்லாட்டில் புது ரேமை மட்டும் போட்டேன். இருட்டு. பக்கத்து ஸ்லாட்டில் போட்டேன். அங்கும் இருட்டு. எதற்கும் மூன்று நிமிடம் காத்திருப்போம் என்று உட்கார்ந்தோம்.

"மாமா, காஸ்மிக் கதிர் பட்டா ரேம் கெட்டுடும்னு படிச்சேனே?" என்றான் பையன். தேவாரத்துப் பையன் இந்தக் கேள்வி கேட்பதில் ஆச்சரியமில்லை. பக்கத்துப் பொட்டிப்புரம் மலையைக் குடைந்துதான் நியூட்ரினோ ஆய்வகம் அமைப்பதாக இருந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு, வழக்கு என்று இழுபறியாகி, 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாது என்றது. அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததே வானத்திலிருந்து கொட்டும் துகள்களை வடிகட்டத்தான். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால் மற்றத் துகள்கள் பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரினோ மட்டும் தாராளமாக உள்ளே வரும். வெளியே நிற்கிற நம் உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒரு மியூவான் துகள் போய்க்கொண்டிருக்கிறது.

அவன் படித்தது பொய்யில்லை. காஸ்மிக் கதிர்களால் பிறக்கும் நியூட்ரான் ஒன்று சிப்பில் மோதினால் ஒரு பிட் புரளலாம். 2003இல் பெல்ஜியத்தில் ஒரு தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண். ஒரே ஒரு பிட் புரண்டால் சரியாக அவ்வளவு கூடும். காரணம் காஸ்மிக் கதிராக இருக்கலாம் என்று அப்போது சந்தேகப்பட்டார்கள். ஆனால் அப்படிப் புரண்ட பிட் ஆஃப் செய்து ஆன் செய்தால் தீர்ந்துபோகும் சமாச்சாரம். கூகுள் தன் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு ரேம் பலகைகளுக்கு மேல் ஏதாவதொரு பிழை காட்டின. அதில் பெரும்பங்கு வானத்துத் துகளால் அல்ல, வன்பொருளின் சொந்தக் கோளாறால் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. மேலிருந்து வருவதைப் பழிப்பதற்கு முன் கையிலிருப்பதைப் பார்க்க வேண்டும்.

மூன்று நிமிடம் ஆயிற்று. திரை அப்படியே. புது ரேமை உருவி பழையதோடு பக்கத்தில் வைத்தேன்.

நம் ஊர் மெக்கானிக்குகள் இந்த இடத்தில் அழிரப்பர் எடுப்பார்கள். பழைய ரேம் என்றால் அதில் நியாயம் உண்டு. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் மேலே படியும் அழுக்கும், சாரல் காற்றின் ஈரமும், முலாமின் நுண்துளை வழியே எட்டிப்பார்க்கும் நிக்கலும் சேர்ந்து தொடர்பைக் கெடுக்கும். துடைத்தால் உயிர் வருவதுண்டு. முலாமோ ஒரு மைக்ரான்கூட வராது. ரப்பரைத் தேய்க்கத் தேய்க்க அதுவும் போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி நல்லது. இது புது ரேம், துடைக்க ஒன்றுமில்லை.

சிப்புகளை எண்ணினேன். பழைய 2 ஜிபி பலகையில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு. புதிய 4 ஜிபியில் ஒரே பக்கம், எட்டு. அங்கேதான் விடை இருந்தது.

4 ஜிபி என்பதை இரண்டு விதமாகக் கட்டலாம்: 2 ஜிகாபிட் சிப் பதினாறு, அல்லது 4 ஜிகாபிட் சிப் எட்டு. மொத்தம் ஒன்றுதான், வேகம் ஒன்றுதான், பலகையின் அடியிலுள்ள பள்ளமும் ஒரே இடத்தில்தான். ஸ்லாட்டில் ஒழுங்காகவே உட்காரும். ஆனால் உள்ளே முகவரி வேறு. 2 ஜிகாபிட் சிப்பில் ஒரு வரிசையைக் கூப்பிட 15 இலக்கம் போதும். 4 ஜிகாபிட் சிப்புக்கு 16 வேண்டும். 2010 வாக்கில் நம் ஊர்களில் அசெம்பிள் செய்து விற்ற பல கணினிகளின் சிப்செட்டுக்கு அந்தப் பதினாறாவது இலக்கம் தெரியாது. சில போர்டுகள் பாதி அளவை மட்டும் காட்டும். சில வாயே திறக்காது. லேப்டாப்பில் இதற்குப் பங்காளி ஒன்று உண்டு: 1.35 வோல்ட் மட்டுமே தரும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேமைப் போட்டாலும் இதே இருட்டுதான்.

மறுநாள் காலை போடிக்குப் போய் விவரம் சொன்னதும் கடைக்காரர், "பதினாறு சிப்புன்னு கேட்டிருக்கலாமேண்ணே" என்று மாற்றிக் கொடுத்தார். டக், டக். திரை வந்தது. 6 ஜிபி காட்டியது.

ரேம் வாங்கப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதன் ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்றிருந்தால் பதினாறு சிப், 1ஆர்எக்ஸ்8 என்றால் எட்டு. பிசி3 என்பதற்குப் பின்னால் 'எல்' எழுத்து இருந்தால் அது 1.35 வோல்ட்டிலும் ஓடும் ரகம். சேரவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.