மழை லீவு விட்டாச்சா?

குட்டீஸ்... வடகிழக்குப் பருவமழை வந்தால், 'இன்று பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற அறிவிப்பும் வரும். முதல் நாள் ஒரே குஷி. மறுநாள் கரன்ட்டும் போய்விட்டால், 'போர் அடிக்குதும்மா' என்ற புலம்பல்தான்! இதையெல்லாம் செய்து பாருங்களேன்...

* பாட்டியிடம் பல்லாங்குழி கற்றுக்கொள்ளுங்கள். பலகை இல்லையா? தரையில் சாக்பீசால் வரிசைக்கு ஏழாக 14 வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை போதும்.

* காலை 8:30 மணிக்கு, பக்கங்கள் நேராக உள்ள டப்பாவை, பெரியவர் துணையோடு மொட்டைமாடியில் திறந்து வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில், சேர்ந்த நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால், அதுதான் மழையளவு! வானிலை ஆய்வு மையமும் காலை 8:30க்குத்தான் கணக்கெடுக்கிறது.

* கை, கால் சோம்பிப் போகாமல் இருக்க, ஹாலிலேயே பாண்டி ஆடுங்கள். கீழ் வீட்டில் ஆள் இருந்தால், 'தொம் தொம்' வேண்டாம், தோப்புக்கரணம் போடுங்கள்!

* பசிக்கிறதா? மெல்லிய அவலைக் கழுவி, கொதித்து ஆறிய நீர் தெளித்து ஊற விடுங்கள். வெல்லம், தேங்காய்த் துருவல், வாழைப்பழம் சேர்த்தால் அடுப்பில்லா டிபன் ரெடி.

ஒன்று மட்டும் கூடவே கூடாது. தெருவில் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். அடியில் திறந்த சாக்கடையோ, அறுந்த மின்கம்பியோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஈரக் கையால் சுவிட்சையும் தொடாதீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னையில் பல வீடுகள் நாள்கணக்கில் கரன்ட் இன்றித் தவித்தன. அப்போது முதலில் கைகொடுத்தது அக்கம்பக்கத்தார்தான். அதனால், அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா, பாட்டிக்கும் ஒரு கிண்ணம் அவல் கொடுத்து வாருங்கள். பல்லாங்குழிக்கும் ஒரு ஜோடி கிடைத்துவிடும்!