மார்கழிப் பனியில் சைக்கிளா? மூக்கு பத்திரம்!

மார்கழி விடியலில் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குச் சைக்கிளில் போகிறீர்களா? சுமார் 12 கிலோ மீட்டர். நல்ல பழக்கம்தான். ஆனால் சிலருக்குப் பாதி வழியிலேயே இருமலும் இளைப்பும் வந்துவிடும். ஏன் தெரியுமா?

நம் மூக்கு, காற்றைச் சூடாக்கி, தூசியை வடிகட்டி உள்ளே அனுப்புகிறது. வேகமாக மிதித்தால் வாயால் மூச்சு வாங்குவோம். குளிர்ந்த காற்று நேரே போய் மூச்சுக் குழலைச் சுருக்கிவிடும். குப்பை எரித்த புகையும் அந்நேரம் மேலே எழும்பாமல் தாழவே நிற்கும்.

ஆகவே, முதல் 10 நிமிஷம் மெதுவாக மிதியுங்கள். மூக்கையும் வாயையும் மூடித் துண்டைத் தளர்வாகக் கட்டுங்கள். நுனி சக்கரத்தில் சிக்காமல் செருகிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் வந்தபின் புறப்படலாம். டாக்டர் கொடுத்த மருந்து பையில் இருக்கட்டும். நெஞ்சு இறுகினால் உடனே இறங்கிவிடுங்கள். பிள்ளையார் எங்கும் போய்விட மாட்டார்!