மொத்தம் தெரியாதபோது

கோலா சிலாங்கூரில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் அறுவடை நடப்பதாக வைத்துக்கொள்வோம். பழுத்த குலைகள் மொத்தம் எத்தனை என்று தெரியாவிட்டால், "பாதி முடிந்தது" எனக் கூற இயலாது. "40 குலைகள் வெட்டியாயிற்று" என்றே கூறலாம்.

இணையப் பதிவிறக்கமும் சில வேளைகளில் இப்படித்தான். வந்த அளவை மொத்த அளவால் வகுத்து 100ஆல் பெருக்கினால் விழுக்காடு கிடைக்கும். ஆனால், கோப்பை அனுப்பும் சில வழங்கிகள் மொத்த அளவைத் தெரிவிப்பதில்லை. அப்போது பைத்தான் மொழியின் பதிவிறக்கச் செயற்கூறு ஒன்று, மொத்த அளவாக -1 என்னும் எண்ணைத் தருகிறது. 'தெரியவில்லை' என்பதே அதன் பொருள். இதைக் கவனியாமல் வகுத்தால், 5,000 பைட் வந்ததும் திரையில் -500,000 விழுக்காடு எனத் தோன்றும். பயனர் குழம்பிப் பதிவிறக்கத்தையே நிறுத்திவிடக்கூடும்.

எனவே, மொத்த அளவு சுழியத்தைவிடப் பெரியதா என நிரல் முதலில் சோதிக்க வேண்டும். இல்லையெனில், வந்த அளவை மட்டும் காட்ட வேண்டும்.